அவர் கை வைத்த நிலை

அதிவீரராமன் ஓட்டுக் கேட்டுவிட்டுப் போன வீடுகளில் எல்லாம், மறுநாள் விடியும்போது, ஏதாவது ஓர் அறையின் கதவு கம்பிக்கதவாகியிருந்தது. அதே கீல், அதே உயரம், ஆனால் மரம் இருந்த இடத்தில் மேலிருந்து கீழாகக் கட்டைவிரல் பருமனுக்குக் கறுத்த இரும்புக் கம்பிகள். போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்குமே, அதேதான். தொட்டால் சில்லென்று இருக்கும், கிட்டே போனால் பினாயிலும் பழைய வேர்வையும் கலந்த நெடி அடிக்கும். கல்லணைப்பேரியில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால்தான் அதிசயம்.

அதிவீரராமன் ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. ஒரு காலத்தில் எங்கள் ஊரிலேயே இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் இருந்தவரையில் ஊரில் ஒரு கோழிகூடக் காணாமல் போனதில்லை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. இப்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இஸ்திரிப்பெட்டிச் சின்னம். காக்கியைக் கழற்றிப் போட்டால் காக்கி போய்விடுமா? வேட்டி கட்டி நடக்கும்போதும் அவருக்கு இடது கைதான் வீசும், வலது கை எதையோ இடுக்கிக்கொண்டிருப்பதுபோல விலாவோடு ஒட்டியே கிடக்கும். கல்யாண மண்டபத்தில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்கள் என்று நீட்டினால், முதலில் பெயர் கேட்பார், பிறகு அப்பன் பெயர், பிறகு தெரு. மேடையில் ஏறி, "என் அன்புக்குரிய வாக்காளப் பெருமக்களே" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாரென்றால், முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆம்பிளைகள் தாங்களாகவே குத்தவைத்து, இரண்டு கையும் தெரியும்படி முழங்காலின்மேல் வைத்துக்கொள்வார்கள்.

"பாத்தியா, என்ன மரியாதை" என்றார் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளர். மரியாதைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாமலேயே சர்வீஸில் பெரும்பகுதியை ஓட்டிவிட்ட மனிதர். நானோ, 'நிமிர்ந்து நில், முழு வாக்கியத்தில் பேசு' என்று ஸ்கேலும் கையுமாக நிற்கும் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் எப்படி இருக்கும்? ஒருவர் பேச மாட்டார், ஒருத்தி நிறுத்த மாட்டாள். அந்த நிறுத்தாதவளுக்கே அதிவீரராமனின் ஜீப் சத்தம் தெருமுனையில் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி முளைத்ததற்குக் காரணம் கேட்பீர்கள். காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தப்பு எது என்று தெரியும். மற்ற வேட்பாளர்கள் வந்தால் வாசலில் நிற்பார்கள், நாங்கள் ஆரத்தி எடுப்போம், அவர்கள் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இவரை மட்டும் எந்த வீட்டிலும் வாசலில் நிற்கவிடவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் போலீஸ்காரர் வாசலில் நின்றால் அக்கம்பக்கம் பார்க்கும், பார்த்தால் பேசும், பேசினால் மகளுக்கு மாப்பிள்ளை தகையாது. ஆகவே காக்கியைக் கண்டவுடன், "உள்ள வாங்க சார், உள்ள வந்து உக்காந்து பேசுங்க" என்று அவசரமாக இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது எங்கள் தாய்தகப்பன் காலத்துப் பழக்கம். ஓட்டுக் கேட்டு வந்தவரையும் அந்தப் பழக்கத்திலேயே உள்ளே விட்டோம். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. கூப்பிய கையோடு நடுக்கூடத்தில் நின்று, மூலைக்கு மூலை பார்வையை ஓட்டி, பீரோவைப் பார்த்து, பரணைப் பார்த்து, "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று விசாரித்து, கடைசியில் ஏதாவது ஓர் அறையின் கதவுநிலையில் வலது கையை ஊன்றிச் சாய்ந்து, "இதுக்குள்ள என்ன?" என்று கேட்பார். ஒன்றும் இல்லை சார் என்போம். சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்த நிலையில்தான் விடியும்போது கம்பி.

முதலில் மேலத்தெருவில் வந்தது. பிறகு கடைத்தெரு, பிறகு எங்கள் ஆசிரியர் காலனியில் முன்வரிசை வீடுகள். ஊர் அதை எப்படி வாங்கிக்கொண்டது தெரியுமா? கம்பியில் துணி காயப்போட்டார்கள். வடகம் காயும் துணியை நான்கு மூலையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். மின்விசிறிக் காற்று நன்றாகப் போய்வருகிறது என்றார்கள், திருடன் பயம் இல்லை என்றார்கள். மருமகளை வேவு பார்க்க வசதி என்று ஒரு மாமியார் கோயிலில் பொங்கல் வைத்தாள். கம்பிக்குப் போடுவதற்கென்றே ஜவுளிக்கடையில் புதுமாதிரித் திரைச்சீலை வந்தது. கம்பி வராத வீட்டுக்காரர்கள் கட்சி ஆபீஸில் போய், "எங்க வீட்டுக்கு ஏன் வரல, நாங்க என்ன தீண்டத்தகாதவங்களா?" என்று சண்டை போட்டார்கள்.

பக்கத்து வீட்டு ஆவுடை அக்காவுக்கு வாசல்புற அறையில் வந்தது. "எம்மா அமிர்தம், வந்து பாரு, எங்க வீட்டுக் கம்பி ஒன்னுபோல நேரா இருக்கு. எதுத்த வீட்டுல கொஞ்சம் கோணலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"உள்ள யாரை அடைக்கப் போறீங்க அக்கா?" என்றேன் வேடிக்கையாக.

"எங்க வீட்டு மனுசனைத்தான்" என்று சிரித்தாள். அவள் புருஷர், ஊர் முழுக்கத் தாத்தா என்று கூப்பிடும் மாசானம், ஈஸிசேரில் படுத்துக்கொண்டு, "அடைச்சிருவா, செய்யக்கூடியவதான்" என்றார்.

மறுநாள் மாசானம் தாத்தா மூக்குக்கண்ணாடியை எடுக்க அந்த அறைக்குள் போனார். கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, சாவித்துவாரமும் இல்லை. திறக்கவில்லை. வெல்டிங் பட்டறையிலிருந்து ஆள் வந்து நெருப்பை வைத்துப் பார்த்தான், கம்பி சூடுகூட ஏறவில்லை. காலையும் மாலையும் ஆவுடை அக்கா தட்டைச் சாய்த்துக் கம்பி வழியாகச் சோற்றை உள்ளே தள்ளினாள். அந்த வாரத்திலேயே மேலத்தெருவில் ஒருவர், கடைத்தெருவில் ஒருவர், எங்கள் காலனியில் சிவஞானம் வாத்தியார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். யாரும் தள்ளவில்லை. ஒரு துண்டை எடுக்க, ஒரு மாத்திரையை எடுக்கப் போனார்கள், அவ்வளவுதான்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், ஊர் அலறும் என்று எதிர்பார்த்தேன். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "ஏதாவது செஞ்சிருப்பாவ. சும்மாவா அடைபடும்?" ஆவுடை அக்காவே சொன்னாள், கட்டின புருஷரைப் பற்றி, கையில் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு: "இவுகளுக்கு வாய் சும்மா கெடக்காதே. தேவசகாயம் கதையை ஊர் பூரா சொல்லிக்கிட்டு அலைஞ்சா?"

தேவசகாயம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பழைய கதை. யாரோ ஒரு வீட்டில் சங்கிலி காணவில்லை என்று அந்த வீட்டுக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்த தேவசகாயத்தை இன்ஸ்பெக்டர் அதிவீரராமன் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேவசகாயம் துணியில் சுற்றித் திரும்பி வந்தார். நெஞ்சுவலி என்றார்கள். பிறகு, புகார் கொடுத்த வீட்டிலேயே, மாவாட்டுகிற கிரைண்டரைக் கழுவுகிறபோது குழவிக்கு அடியில் அந்தச் சங்கிலி கிடைத்தது. அதற்குள் தேவசகாயத்தின் மனைவி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போய்விட்டாள். அப்போதும் ஊர் அதைத்தான் சொன்னது: ஏதாவது செஞ்சிருப்பான். மாசானம் தாத்தா ஒருவர்தான் சாயந்தரம் ஈஸிசேரில் படுத்துக்கொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார், என் மகள் நித்திலாவிடமும்கூட.

உள்ளே போனவர்கள் வெளியே வர ஒரு வழி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகக் குலை நடுங்கியது. சிவஞானம் வாத்தியாரின் மனைவி கட்சி ஆபீஸுக்குப் போய் அழுதாள். அதிவீரராமன் கூப்பிய கையோடு வீட்டுக்கே வந்தார். கோபமே இல்லை, தேன் மாதிரிப் பேச்சு. "அழாதீங்கம்மா, முடிச்சுருவோம். சார் என்ன செஞ்சாருன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்" என்றார். ஒன்றும் செய்யலையே என்றாள் அவள். "ஒன்னும் செய்யாமலா?" என்று சிரித்தார் அவர். பாவம், அவளும் உலகத்திலேயே சின்னத் தப்பாகத் தேடி, "பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்காவ" என்றாள். கதவு திறந்தது. வாத்தியார் வெளியே வந்தார்.

அன்றிலிருந்து அவர் வாசற்படியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பால்காரர் வந்தால், "நான்தான் எடுத்தேன்" என்கிறார். தபால்காரர் வந்தால், "நான்தான் எடுத்தேன்." அவரிடம் படித்து ஆளானவர்கள் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "நான் திருடன்ப்பா, என்னைத் தொடாதே" என்கிறார். "நான் சும்மா சொன்னேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அவர் காதில் ஏறவில்லை. அவருக்கு எந்தெந்த வருஷம் எத்தனை பெட்டி என்றுகூட ஞாபகம் வந்துவிட்டது. கடைத்தெருவில் வெளியே வந்தவர் கதையும் இதே. பெற்றவளோ கட்டினவளோ என்ன சொல்லி மீட்டார்களோ, அதைச் செய்தவராகவே அவர்கள் வெளியே வந்தார்கள்.

இது எல்லாம் தெரிந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது நான் ஆரத்தி எடுத்தேன். என் வீட்டுக்காரர், "உள்ள வாங்க சார், உள்ள வாங்க" என்று பின்பக்கமாகவே நடந்தபடி, குனிந்தபடி கூட்டிக்கொண்டு வந்தார். தெரிந்தும் ஏன் என்று கேட்காதீர்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் நடுக்கூடத்தில் நின்றார். மூலைக்கு மூலை பார்த்தார். "வீட்ல யார் யாரும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நித்திலா அறையிலிருந்து வந்தாள். காலேஜில் கடைசி வருஷம். முழு வாக்கியத்தில் பேச நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "சார், சைக்கிள் கடை தேவசகாயம் ஸ்டேஷன்ல என்ன ஆனார்?" என்று கேட்டாள். ஆத்திரமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப்போலக் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் காபித் தட்டைச் சட்டென்று அவர் முன்னால் நீட்டினார். அதிவீரராமன் சிரித்தார். "பாப்பா நல்லாப் படிக்குதா?" என்று என்னைக் கேட்டார். பிறகு போய், அவள் அறையின் நிலையில் வலது கையை ஊன்றி, "இதுக்குள்ள என்ன?" என்றார்.

"புஸ்தகம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது எனக்கு.

அன்றைக்கு அவளை அந்த அறைக்குள் விடவில்லை. கூடத்தில், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் படுக்க வைத்துக்கொண்டேன். விடிந்தபோது கம்பி வந்திருந்தது. யாரும் உள்ளே போகக் கூடாது என்று மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டோம். நான் அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடினேன், அவர் வாசலில் செய்தித்தாள் எடுக்கப் போனார், திரும்பி வந்து பார்த்தால் நித்திலா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "செல்போன் சார்ஜர் உள்ள இருந்துதும்மா" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளை ராட்சசன் குகைக்குள் இழுக்க வேறெதுவும் வேண்டாம்.

அன்று காலையிலேயே காய்கறி வண்டிக்காரி என்னிடம் காதோடு கேட்டாள்: "பாப்பா என்னத்தக்கா செஞ்சுது?"

நான் அவளை என்ன பேசினேன் என்பது இங்கே எழுதக்கூடியது அல்ல. ஆனால் பேசிவிட்டு உள்ளே வந்து கத்தரிக்காயை நறுக்குகிறபோது என் மனசே அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டது, அதுதான் பயங்கரம். என்னத்தைச் செய்தாள்? ஏதாவது செய்திருப்பாளோ? காலேஜில் டூர் போனாளே, அப்போது? இரும்பின் நெடி மூக்கில் ஏறினால் மூளையிலும் ஏறிவிடும்போல. அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கம்பி வழியாக அவள் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், ஆனால் குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. நாளாக ஆகத் தூரம் கூடிக்கொண்டு போனது. என்ன சாப்பிடுகிறாய் என்றால், "எது குடுத்தாலும் சரி" என்றாள். அந்தப் பதில் என் மகளுடையதே அல்ல. உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவள் அவள்.

என் வீட்டுக்காரர் இளைத்துப் போனார். "ஏதாவது சின்னதாச் சொல்லி வெளிய எடுத்துருவோம்ளா" என்று என் பின்னாலேயே சுற்றினார். "எதிர்த்துப் பேசினா, அவ்வளவுதான். அது ஒரு குத்தமா? சொன்னா என்ன வந்துரும்?"

"வெளிய வந்து என்ன ஆவா? ஆயுசு பூரா எதிர்த்துப் பேசினதுக்கு வாசப்படில உக்காந்து மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருப்பா. வாத்தியாரப் பாக்கலியா நீங்க?"

"உயிரோட இருப்பால்லா?"

சின்னக் குற்றமாகத் தேடிக்கொண்டுதான் நானும் இருந்தேன், பொய் சொல்வானேன். அரிசி களையும்போது, கோலம் போடும்போது, விளக்குத் திரியைத் தூண்டும்போது. எச்சில் தம்ளரைக் கழுவாமல் வைப்பாள். அதைச் சொல்லலாமா? சொன்னால் என் மகள் ஒரு எச்சில் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடியே கிழவியாகிவிடுவாள். சொல்லாவிட்டால் அந்தக் குரல் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கம்பிக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரும்பு.

பிரசாரத்தின் கடைசி நாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், கொட்டும் பேண்டும் பட்டாசுமாக அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வீடாக உள்ளே போனார், வந்தார். போகிற வீட்டிலெல்லாம் அழுகைச் சத்தம், பிறகு ஒரு கீச்சென்ற கதவுச் சத்தம், பிறகு, "நான்தான், நான்தான்" என்று ஒரு புதுக்குரல். நான் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து நித்திலா ஏதோ சொன்னாள். காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது. "அம்மா, எதையும் சொல்லிராத."

அவர் எங்கள் படியில் ஏறினார். கூப்பிய கை. தேன் குரல். "பாப்பா எப்படிம்மா இருக்கு? ஒரு வார்த்தை சொல்லிருங்க. முடிச்சுருவோம்."

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உள்ள கூப்பிடுளா. எல்லாரும் பாக்காங்க. வாசல்ல வச்சா பேசுவாங்க?"

பார்க்கட்டும் என்று நினைத்தேன் என்றால் பொய். எனக்கு நினைப்பே ஓடவில்லை, அவ்வளவு பயம். நகர்ந்து வழிவிடத்தான் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. கால் வராததால் நான் நிலையின் நடுவில் அப்படியே நின்றேன். நின்றதால் அவரும் வெளியில் நின்றார். ஊர் தெரிந்த நாளிலிருந்து அந்த மனிதரை ஒரு வீடு வாசலில் நிறுத்தியது அன்றைக்குத்தான். அது அவருக்கும் புரிந்தது. கொட்டுக்காரர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும், கொட்டு ஒரு கணம் தப்பியது. அந்த ஒரு கண அமைதியில் என் வாயிலிருந்து, நான் கூப்பிடாமலேயே, முழு வாக்கியம் வந்தது.

"சைக்கிள் கடை தேவசகாயம் என்ன செஞ்சார் சார்?"

தெரு கேட்டது. அவர் சிரிப்பை முகத்திலேயே விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டார். எங்கள் தலைவாசல் நிலையில் வலது கையை ஊன்றினார். "இதுக்குள்ள என்ன?" என்றார்.

"நாங்க இருக்கோம்" என்றேன். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டதில் அது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

இந்த முறை விடியக் காத்திருக்கவில்லை. அவர் கையை எடுத்ததும் நிலையின் மேற்கட்டையிலிருந்து கம்பிகள் என் மூக்குக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வாசற்படியில் ஊன்றின. தெரு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அதே நேரம் உள்ளே ஏதோ மரம் முனகுகிற சத்தம். வீட்டுக்கு ஒரு கம்பிக்கதவுதான் விதித்திருக்கிறதுபோலும். நித்திலாவின் அறைக்கதவு பழையபடி பச்சைப் பெயிண்ட் அடித்த மரமாக, தானாகவே திறந்துகொண்டது. அவள் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "நான்தான்" என்று சொல்லப் போகிறாளோ என்று அவள் வாயையே பார்த்தேன். அவள், "ரொம்பப் பசிக்கும்மா, அந்த உப்பில்லாத கூட்டை மட்டும் போட்டுராத" என்றாள்.

சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பேரும் அடைபட்டுக் கிடக்கிறோம், வெளியே அந்த மனிதர் நிற்கிறார், நாளை மறுநாள் ஓட்டு, அவர் ஜெயித்தால் இந்தக் கம்பிகள் எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் என் மகள் ஒரு பக்கமும் என் கையைப் பிடித்திருந்தார்கள்.

அதிவீரராமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கொட்டு பழைய வேகத்தைவிடக் கூடுதலாக முழங்கியது. கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பார்த்தேன். ஆவுடை அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள், உள்ளே மாசானம் தாத்தாவை வைத்துக்கொண்டு. அதிவீரராமன் படியேறினார், கைகூப்பினார், ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிச் செத்தவள் முகம்போல இருந்தது. பிறகு அவரைப் பார்த்து அவள் வாய் அசைந்தது. கொட்டுச் சத்தத்தில் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஆனால் அவள் வழிவிடவில்லை.